பத்து நாள் சாவி

மே 6, 2024. திங்கள்

மூடின பள்ளியின் சாவியை வாங்கிவிட்டேன். பத்து நாளில் சாமான் லிஸ்ட் வேண்டுமாம், மூன்று பிரதி. ரிட்டையரானவளை விட்டால் வேறு ஆள் இல்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வேறு யாராவது போய் அந்த பீரோவைத் தொட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

ஆபீஸ் ரூம் பூட்டு திறக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன். அரை மணி நேரம். கட்டைவிரலில் தோல் உரிந்துவிட்டது. வாட்ச்மேன் தாத்தா வந்து கல்லால் ஒரு தட்டு தட்டினார், திறந்தது. சம்பளம் நின்று ஒரு வருஷம். இன்னும் வராந்தாவில்தான் படுக்கிறார்.

வௌவால் நாற்றம். எட்டாம் வகுப்புச் சுவரில் பூத் நம்பர் காகிதம், ஏப்ரல் 26-க்கு ஒட்டியது. அன்றைக்கு அந்த வரிசையில் நின்றபோது சந்தோஷமாக இருந்தது. ஜன்னல் எல்லாம் திறந்து, மின்விசிறி சுற்றி, ஆள் சத்தம். இன்றைக்கு நினைத்தால் கோபம் வருகிறது. ஒருநாள் ஓட்டுக்கு மட்டும் வேண்டியிருக்கிறது இந்தக் கட்டடம். கரண்டும் அன்றைக்கு மட்டும்தான், எங்கிருந்தோ வயர் இழுத்து. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் கரண்ட் கொண்டுவந்த ஊர் இந்தக் கோலார் தங்கவயல். பெங்களூருக்கே அதற்கு அப்புறம்தான். எங்கள் தாத்தா இதைச் சொல்லாமல் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பள்ளியில் மீட்டர் பெட்டி இருந்த இடத்தில் ஒரு சதுரம் வெள்ளையாக இருக்கிறது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: திருத்தம் இருந்தால் பக்க எண்ணோடு குறிக்கவும்.

இருமல்.

மே 7. செவ்வாய்

பூட்டு இன்றைக்கும் மக்கர். மறுபடி கல்.

பீரோவில் அட்மிஷன் ரிஜிஸ்டர் மட்டும் பதினொன்று. முதல் இரண்டும் காலிகோ அட்டை, முதுகு கழன்றுவிட்டது. அந்தக் கையெழுத்து! நிப் பேனா. மேலே போகும்போது மெல்லிசு, கீழே இறங்கும்போது தடிப்பு. தமிழ் டீச்சராக இத்தனை வருஷம் போர்டில் எழுதியும் எனக்கு அப்படி வரவில்லை.

தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம். விரலை வைத்துக் கீழே இறங்கினேன். டிம்பர்மேன். டிரில்லர். மக்கிங். அண்டர்கிரவுண்டு. அண்டர்கிரவுண்டு. அண்டர்கிரவுண்டு. மில். அண்டர்கிரவுண்டு. சொந்த ஊர்க் கட்டம்: குடியாத்தம், திருப்பத்தூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, சித்தூர். பொன்னு விளைகிற ஊர் என்று சொல்லி மேஸ்திரி கூட்டிவந்த குடும்பங்கள். ஒரு பக்கத்தில் பாதிப் பேருக்குக் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு.

பிறந்த தேதி. ஜூன் 1. ஜூன் 1. ஜூன் 1. பக்கம் பூராவும். என்னுடையதும் அதுதான். ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

அண்ணன் பக்கம் எந்த ரிஜிஸ்டரில் இருக்கும் என்று தெரியும். எடுக்கவில்லை.

மே 8. புதன்

நேற்று ராத்திரி காற்று. சயனைடு மேட்டுத் தூசி முழுக்க வீட்டுக்குள். தலையணையில் கூட. கண்ணில் மணல் அரைக்கிற மாதிரி. அரைத்துச் சலித்த கல் மாவு அது, பொன்னை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மலையாகக் கொட்டிப் போனார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் அதன் மேல் ஏறி நின்று போட்டோ பிடிக்கிறார்கள். கீழே குடியிருக்கிறவர்களுக்கு இருமல்.

பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. எண்ணெய் இறங்கிவிட்டது போல.

லேப். சோதனைக்குழாய் ஸ்டாண்டு 4. பியூரெட் 2, ஒன்று உடைசல். பூதக்கண்ணாடி இல்லை. சயின்ஸ் சார் நினைவாகவே இருந்தேன். நாங்கள் ஒன்பதாவது படிக்கும்போது செருப்பால் தரையை இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொல்வார்: "இங்கேயிருந்து ஏழாயிரத்து அறுநூறு அடி கீழே, நம்ம சாம்பியன் ரீஃப்ல, உலகத்துல யாரும் பிடிக்காத ஒண்ணைப் பிடிச்சாங்க." 1965. வானத்திலிருந்து வந்த நியூட்ரினோ. டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து நடத்தியது. மற்ற துகளெல்லாம் பாறையில் நின்றுவிடும், இது மட்டும் நிற்காமல் வரும், அதனால்தான் அவ்வளவு ஆழம் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பின்பெஞ்சுப் பையன் ஒருத்தன் கேட்டான், "சார், எங்கப்பாவும் அங்கதான் இருக்காரு. அவருக்குள்ளயும் போகுமா?" சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "போகும். ஒண்ணும் பண்ணாது." அப்புறம், "அதைத் தவிர மத்ததெல்லாம்தான் பண்ணும்" என்றார்.

அந்தப் பையன் இப்போது எங்கே. அவன் பெயர் வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. ரிஜிஸ்டரில் பார்த்தால் வந்துவிடும். பார்க்கவில்லை.

சாயந்திரம் மழை. நல்ல மழை. லேப் கூரை ஒழுகுகிறது. முழங்கால் வலி.

மே 9. வியாழன்

இன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட். பத்தரைக்கு.

காலையிலிருந்தே கை நடுக்கம், பழக்கதோஷம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நாளில் எனக்குச் சோறு இறங்கினதில்லை. தமிழில் ஒருத்தரும் பெயிலாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கிடப்பேன். எத்தனை பேர் என்று கேட்கிறதற்கு இன்றைக்கு யாரும் இல்லை. போன வருஷத்தோடு கடைசி பேட்ச் போய்விட்டது. மாநிலத்தில் 73.40 சதவீதம் என்று டி.வி.யில் ஓடுகிறது. போன தடவை 83-க்கு மேல். நம்ம பள்ளிக்கு இந்தக் கணக்கில் பூஜ்யம் கூடக் கிடையாது. பூஜ்யம் என்றால் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா பேத்தி பாஸ், இங்கிலீஷ் மீடியம். மைசூர்பாகு கொடுத்தது. "தமிழ் எடுத்திருக்கலாமே" என்றேன். ஏன் சொன்னேன். குழந்தை முகம் சுருங்கிவிட்டது. நாளைக்குப் போய் ஒரு பேனாவாவது கொடுக்க வேண்டும்.

பள்ளிக்குப் போய் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்களை வருஷ வாரியாகக் கட்டினேன். 2001 கையில் வந்தது. பிப்ரவரி 28, புதன்கிழமை. மைன்ஸ் மூடின நாள். பத்தாம் வகுப்பு அன்றைக்கு ஃபுல் அட்டெண்டன்ஸ், நான்தான் எடுத்திருக்கிறேன். மார்ச் பக்கத்தைத் திருப்பினால் ஏ, ஏ, ஏ. சிவப்பு மையில். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்க வரச்சொல்லி லைன் லைனாக வீடு வீடாய்ப் போனது ஞாபகம் வருகிறது. ஒரு வீட்டில் அப்பா மத்தியானத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், ஷிஃப்ட் சட்டையோடு. "எங்கே டீச்சர் போறது" என்று என்னைக் கேட்டார்.

அந்த வாரம் மணி கூடச் சரியாக அடிக்கவில்லை. மணி அடிக்கிற பெரியவர் ஷிஃப்ட் சங்கைக் கேட்டுத்தான் அடிப்பார். சங்கு நின்றதும் அவருக்கு நேரம் தெரியாமல் போய்விட்டது. முதல் பீரியட் ஒரு நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மே 10. வெள்ளி

அட்சய திருதியை. பேட்டையில் நகைக்கடை வாசலில் காலை ஆறு மணிக்கே கூட்டம். கிராம் ஆறாயிரத்து எழுநூறு பக்கம். நூற்றி இருபது வருஷத்தில் எண்ணூறு டன் போனது இந்த மண்ணிலிருந்து. அம்மா கழுத்தில் கடைசி வரைக்கும் கால் சவரன்.

அந்த ரிஜிஸ்டரை எடுத்தேன்.

அண்ணன் பெயர். அப்பா பெயர். அண்டர்கிரவுண்டு. அப்பாவின் கைநாட்டு. ரேகை அப்படியே இருக்கிறது. ஒரு வெட்டுத் தழும்பு குறுக்கே போகிறது, கோடாக. அந்தத் தழும்பை மறந்தே போயிருந்தேன். அதன் மேல் என் விரலை வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை, மை போய்விடும் என்று பயம். இத்தனை வருஷ மை எங்கே போகப் போகிறது.

பிறந்த தேதி 1.6.1958. எட்டின் மேல் சிவப்பில் ஏழு. பக்கத்தில் ஹெட்மாஸ்டர் இனிஷியல். பள்ளி விட்ட காரணம்: தகப்பனார் மரணம். டி.சி. வாங்கியது 1975 ஜூன். வாங்கியவர் இடத்தில் அம்மா கைநாட்டு.

பதினேழு. ஒரு எழுத்து மாறினதில் பதினெட்டு. அண்டர்கிரவுண்டுக்குப் பதினெட்டு கேட்டார்கள்.

எனக்குத் தெரியாதா? தெரியும். அரைகுறையாக. "எனக்குப் படிப்பு ஏறலை" என்று அண்ணன் எப்போதும் சொல்லும், நாங்களும் சிரிப்போம். அந்த சிவப்பு மையை நேரில் பார்த்தது இன்றைக்குத்தான்.

நான் ஆறாவது முடித்திருந்தேன் அப்போது. எனக்குப் புது யூனிஃபார்ம் எடுத்தது அந்த வருஷம்தான்.

சாப்பிடவில்லை.

மே 11. சனி

போகவில்லை. ரெண்டாம் சனி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படிவம் மேசை மேல் இருக்கிறது. திருத்தம் இருந்தால் பக்க எண்ணோடு குறிக்கவும். மற்ற ரிஜிஸ்டர்களில் ஏழெட்டு இடத்தில் குறித்துவிட்டேன், பெயர்ப் பிழை, இனிஷியல் மாற்றம். நேர்மையாகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மகள் போன். பெங்களூரில் தண்ணீர் டேங்கர் வந்துவிட்டதாம், மழை வந்ததில் நிம்மதியாம். "இன்னுமா அந்த ஸ்கூலைக் கட்டிட்டு அழறே" என்றாள். கோபம். வைத்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் அவளை எங்கே சேர்த்தேன்? கான்வென்டில். இங்கிலீஷ் மீடியம். இங்கே தமிழ் டீச்சராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பெற்ற மகளைக் கைபிடித்துக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு, ஒன்பதே காலுக்கு இங்கே வந்து கையெழுத்துப் போடுவேன். ஸ்டாஃப் ரூமில் யார் பிள்ளைதான் இங்கே படித்தது.

கோகாக் கமிட்டி, கன்னடம்தான் முதல் மொழி என்ற உத்தரவு, ஊர்வலம், எல்லாம் நடந்தது. காலி போஸ்டுக்கு ஆள் போடவில்லை, அதுவும் உண்மை. மைன்ஸ் மூடினது எல்லாவற்றுக்கும் மேல். எல்லாம் சரி. நான் அவளை அங்கே விட்டேன்.

ராத்திரி அவளுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

மே 12. ஞாயிறு

விடியற்காலை மாரிகுப்பத்திலிருந்து ரயில் கிளம்புகிற சத்தம். ஞாயிறு என்பதால் கூட்டம் இருக்காது. மற்ற நாளில் என்னிடம் படித்தவர்கள் நின்றுகொண்டே தூங்கிப் போவார்கள், கே.ஆர்.புரம் வரைக்கும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கார்மென்ட்ஸ். அம்மா அப்பா இருட்டில் போய் இருட்டில் வந்தால் பிள்ளையை வீட்டு வாசலுக்கு வேன் வருகிற பள்ளியில்தானே போடுவார்கள்.

மகள் பேசினாள். ஒன்றும் நடக்காதது போல. குழந்தைக்கு ஜலதோஷமாம்.

எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பேனா கொடுத்தேன். சிரித்தது.

அண்ணனுக்குப் பேச வேண்டும். பேசவில்லை.

மே 13. திங்கள்

பூட்டு மறுபடி மக்கர். இதற்கும் மனசு இருக்கிறது.

நூலக பீரோ. கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். கை வைத்தால் மண்ணாக வருகிறது. நானூறு ஐநூறு புத்தகம் லிஸ்டில், கையில் வந்தது பாதி கூட இல்லை. மேல்தட்டில் மெலிந்த ஒரு புத்தகம், அட்டை இல்லை. உள்பக்கத்தில் 'சித்தார்த்த புத்தகசாலை, கோலார் தங்கவயல்' என்று அச்சு. நெஞ்சு அடைத்துக்கொண்டது. அயோத்திதாசப் பண்டிதருக்குப் பிறகு 'தமிழன்' இதழை அப்பாதுரையார் இங்கேயிருந்துதான் நடத்தினார். நாள் பூராவும் பூமிக்குள் இருந்துவிட்டு மேலே வந்து, மண்ணெண்ணெய் விளக்கில் இதைப் படித்திருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா மாரிகுப்பம் பௌத்த சங்கத்துக்குப் போய் வந்து நாலு எழுத்து கற்றவர். அவர் கற்றதில்தான் நான் டீச்சர்.

ஓரத்தில் பென்சிலால் யாரோ ஒரு பாட்டின் சீர் பிரித்திருக்கிறார்கள். சரியாகப் பிரித்திருக்கிறார்கள்.

இதையும் மற்ற சாமான்களோடு பேட்டைப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும். யார் திறக்கப் போகிறார்கள். எடுத்து வைத்துக்கொண்டால் என்ன? பையில் வைத்தேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து அலமாரியிலேயே வைத்தேன். பக்கங்களுக்கு நடுவே வேப்பிலை போட்டேன்.

தும்மல் நிற்கவில்லை. விரல் நுனி எல்லாம் கறுப்பு.

மே 14. செவ்வாய்

ஆபீஸ் பையன் வந்தான், லிஸ்ட் சரிபார்க்க. முல்பாகல்காரன். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவன். நான் கன்னடத்தில் பேசினால் அவன் தமிழில் பதில் சொல்லப் பார்க்கிறான்.

எல்லாம் நல்லபடியாகப் போனது, மணி வரைக்கும். வராந்தாக் கம்பியில் தொங்குகிறது, மைன்ஸில் கீழே தொட்டி ஓட்டின தண்டவாளத்தில் அறுத்த துண்டு, முழ நீளம். அடித்து அடித்து ஒரு பக்கம் பள்ளம். அந்த இடம் மட்டும் பளபளப்பு. பையன் நிமிர்ந்து பார்த்து எழுதினான்: கப்பிணத துண்டு, 1. இரும்புத் துண்டு.

"கண்டெ" என்றேன். மணி என்று எழுது.

"மேடம், ஸ்டாக் புக்ல அப்படித்தான் இருக்கு. ஸ்கிராப்ல போறதுக்கு..."

குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. இதைக் கேட்டுத்தான் நான் ஓடி வந்தேன், எங்கள் அண்ணன் ஓடி வந்தான், இரும்புத் துண்டைக் கேட்டு யாராவது ஓடி வருவார்களா என்று கத்தினேன். வாட்ச்மேன் தாத்தா எழுந்து வந்துவிட்டார். பையன் பயந்துபோனான். பாவம். ஒன்றும் பேசாமல் அடித்துவிட்டு மேலே எழுதினான்: கண்டெ, 1. மூன்று பிரதியிலும். பக்கத்தில் தன் இனிஷியல் போட்டான், திருத்தம் என்பதால்.

டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் படித்த பள்ளியில் பிளாஸ்டிக் பெல்லாம், கரண்ட் போனால் அடிக்காதாம்.

ராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். சிலிண்டர் வரவில்லை, மூச்சு வாங்குகிறது, பேத்தமங்கலம் தண்ணீர் நாலு நாளாய் இல்லை என்றது. நான் சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்கு ரிஜிஸ்டர் எல்லாம் வேன்ல போகுதுண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"எத்தனை மணிக்கு?"

மே 15. புதன்

பூட்டு திறந்தது.

அண்ணன் ஒன்பது மணிக்கே ஆட்டோவில் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. மூன்று படி ஏற மூன்று இடத்தில் நின்றது. பெஞ்சில் உட்கார வைத்து ரிஜிஸ்டரைப் பிரித்து முன்னால் வைத்தேன். கண்ணாடி கொண்டு வரவில்லை. "படி" என்றது.

படித்தேன். பெயர். அப்பா பெயர். அண்டர்கிரவுண்டு. ஜூன் 1, 1958, திருத்தம் 1957.

"அந்த எட்டும் வாத்தியார் போட்டதுதாம்மா" என்றது. "சேர்க்கப் போனப்ப அம்மாவுக்குத் தேதி தெரியலை. காதைத் தொடச் சொன்னாங்க, கை எட்டுச்சு. ஜூன் ஒண்ணு போட்டுக்கிட்டாங்க. ராத்திரி ஷிஃப்ட் சங்கு ஊதுறப்ப பொறந்தேன்னு அம்மா சொல்லும். எந்த மாசம்னு அதுக்கே தெரியாது."

கைநாட்டுகளைக் காட்டினேன். அப்பாவுடையதில் கையை வைத்தது. யோசிக்கவே இல்லை. உள்ளங்கையே வைத்தது.

"ஹெட்மாஸ்டர் பக்கத்துல உக்கார வச்சுத்தான் அந்த ஏழைப் போட்டாரு. பேனா எடுத்து, வச்சு, எடுத்து, வச்சு. 'நாளைக்கு யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்'னாரு. யாரும் கேக்கலை." அப்புறம் குனிந்து பார்த்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "என்னா கையெழுத்து இல்ல சாருக்கு."

நான் அழுதேன். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு வேன். ரிஜிஸ்டர் கட்டு 11, அட்டெண்டன்ஸ் கட்டு 34, நூலகம் 6 மூட்டை, பெஞ்சு பிறகு. மணியைக் கழற்ற ஏணி வேண்டியிருந்தது. வாட்ச்மேன் தாத்தாவும் பையனும் பிடித்து இறக்கினார்கள். பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தேன். திருத்தக் கட்டத்தில் அண்ணன் பக்கத்தை எழுதவில்லை. மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை.

சாவியைப் பையனிடம் கொடுத்தேன். எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன், கல்லையும் காட்டினேன்.

அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ரசம், அப்பளம். நன்றாகச் சாப்பிட்டது. இருமலே இல்லை சாப்பிடும்போது.

மே 16. வியாழன்

கட்டைவிரல் ஆறிவிட்டது. இருமல் இருக்கிறது.

ஒன்பதே காலுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன். கழற்றி வைத்தேன்.

மத்தியானம் தூங்கி எழுந்ததும் அந்தப் பின்பெஞ்சுப் பையன் பெயர் ஞாபகம் வந்துவிட்டது. தானாக. உடனே எழுதி வைக்க நோட்டைத் தேடி எடுத்தேன். அவன் அப்பாவும் டிம்பர்மேன்தான்.

ஜூன் 1 சனிக்கிழமை வருகிறது. அண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன். மகளையும்.